முதல் அறிக்கையில் ஒரு வரி

எட்டு வயதில், முத்தியால்பேட்டைச் சந்தில்
என் இடது கெண்டைக்காலைக் கவ்வியது ஒரு நாய்.
தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி.
கோரிமேட்டுக்கு நடையாய் நடந்த அத்தனை நாளும்
அம்மா சேமியா ஐஸ் வாங்கித் தந்தாள்.
இன்றைக்கும் சேமியா ஐஸைக் கண்டால்
நாக்கு ஊறுவதற்கு முன்
வயிறு இறுகும்.

இந்த லட்சணத்தில்
வியாழன்தோறும் பெர்மிஷன் போட்டு,
மின்துறை பில் கவுண்டரில் நிற்பவர்களிடம்
பக்கத்துக் கவுண்டரைக் கைகாட்டிவிட்டு
என் மகனை நாயிடம் அழைத்துப் போகிறேன்.

லாஸ்பேட்டையில், இஸ்திரிக் கடைக்கு மேலே ஒரு அறை.
பாய். பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பீரோ.
நஸ்ரீன் டீச்சர், அவர் மடியில் ஒரு படிவம்.
அப்புறம் தவிடு.
நிறமும் அதுதான், பெயரும் அதுதான்.
குருசுக்குப்பத்தில் மீன் செதில் தின்று வளர்ந்ததாம்,
பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறதாம்.
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.
போட்டோவில் அது வேறெங்கோ பார்க்கிறது.
எமிலும் எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான்.

ஆறு வாரம் எமில் நாயைப் பார்க்கவே இல்லை.
கழுத்துப்பட்டையின் கொக்கியைப் பார்த்தான்.
திறப்பான், மூடுவான்.
டிக்.
டிக்.
தவிடு கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும்
சலூன் நாற்காலியில் தூங்கிப்போன ஆள் மாதிரி.
நான் கதவருகே,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கண் நோக்கல்: இரண்டு விநாடி, என்று எழுதினார் டீச்சர்.
யாருடைய கண் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் எமிலுக்கு என் கைதான் எல்லாம்.
மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவான்
ஃபிரிட்ஜ் கதவுக்கு, ஃபேன் ஸ்விட்சுக்கு,
பரண்மேல் இருக்கும் முறுக்கு டப்பாவுக்கு.
நிமிர்ந்து முகம் பார்ப்பதில்லை.
'தாயின் கையை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறான்'
என்றது முதல் அறிக்கை.
நான்கு வருடமாக அந்தத் தாள் கைப்பையில் இருக்கிறது,
மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி.
ஸ்க்ரூடிரைவர். இடுக்கி. நான்.

ஏழாவது வாரம் நல்ல மழை.
கரண்ட் போனது.
டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்,
நான்தான் நிறுத்தியது போல.
தவிடு எழுந்து பீரோவோரம் போய்ப் படுத்தது.
யாரோ படியேறி, வீடு தவறி, இறங்கிப் போனார்கள்.
அந்தச் சத்தத்துக்கு வால் ஒரே ஒரு முறை ஆடி
பீரோவில் பட்டது.

டங்.

எமில் அப்படியே நின்றான்.
காத்திருந்தான்.
வால் மறுபடி ஆடவில்லை.
பாயைச் சுற்றிக்கொண்டு கதவருகே வந்தான்,
என் மணிக்கட்டைப் பிடித்தான்.

வேண்டாம்டா, என்றேன்.
அம்மாவுக்குப் பயம்டா, என்றேன்.
டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார்.
செருப்புக் காலோடு பாயை மிதித்துப் போனேன்.
ஃபிரிட்ஜ் கதவில் வைப்பானே, அதே போல
தவிட்டின் முதுகில்
என் கையை வைத்தான்.

சூடு.
நனைந்த சாக்கு வாடை.
விரல்களுக்குக் கீழே விலா ஏறி இறங்கியது.
பதினான்கு இடத்தில் என் வயிறு குத்தியது.
எடுக்கப் பார்த்தேன்; அவன் பிடி மேலே இருந்தது.

டங்.
டங், டங்.

எமில் சிரித்தான்.
நாயைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்தும் இல்லை,
பீரோவைப் பார்த்து.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
இருட்டில் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார் டீச்சர்.

கரண்ட் வந்தது.
எமில் என்னை விட்டுவிட்டுக் கொக்கிக்குப் போனான்.
டிக் என்றது அது.
டங் என்றது இது.
நான் கையை எடுக்கவில்லை.

கீழேயிருந்து இஸ்திரிக் கடைக்காரர் கத்தினார்:
மேலே யாருப்பா ஆணி அடிக்கிறது?

நான்தான் அண்ணே, என்றேன்.